எல்க் காட்டுக் கூட்டம்: யாருக்கு இடம், யாருக்கு இல்லை?

கொஞ்ச நாளாக அமெரிக்க மேற்குப் பகுதியின் வேட்டைச் சட்டங்களைத் துருவிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேட்டையில் ஆர்வம் கிடையாது. ஒரு பொதுச்சொத்தை ஒரு சமூகம் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதில்தான் ஆர்வம். அதற்கு எல்க் வேட்டையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எல்க் வேட்டைக்காரர்களிடம் ஆண்டுதோறும் கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. காட்டில் மானைவிட மனுஷன்தான் அதிகம் என்பது. இருட்டோடு இருட்டாக மலையடிவாரத்துக்குப் போனால் அங்கே ஏற்கெனவே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மூச்சு வாங்க மேலேறினால் எதிர்ச்சரிவில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தெரியும். இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அது நிர்வாகக் கோளாறு அல்ல, ஒரு அரசியல் முடிவின் விளைவு என்று தெரியவருகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்கிற பிராணி. வட அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர்கள் அங்கே பார்த்த வேறொரு பெரிய மானுக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். ஷாவ்னி மக்களின் மொழியில் அதற்கு வாப்பிட்டி என்று பெயர். பின்புறம் வெளுத்தது என்று பொருள். அதே ஆங்கிலேயர்கள் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் நம்ம கடமானையும் எல்க் என்றே எழுதினார்கள். 1850களில் வந்த சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டை நூலில் நாய்கள் துரத்தும் எல்க் நம்ம மிளாதான். பழைய வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இனி இந்தக் கட்டுரையில் எல்க் என்றால் வாப்பிட்டி மட்டும்தான். வளர்ந்த கிடா 300 கிலோவைத் தாண்டும். இந்த எடையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராஜாவின் மான், ஜனங்களின் மான்

இங்கிலாந்தில் காட்டு மான் அரசனுக்கும் நிலப்பிரபுவுக்கும் சொந்தம். குடியானவன் தொட்டால் தண்டனை. அமெரிக்கா அந்த வழக்கத்தை வேண்டுமென்றே உதறியது. மான் யாருடைய நிலத்தில் நின்றாலும் அது நிலக்காரனுக்குச் சொந்தமில்லை; மக்கள் சார்பில் மாநில அரசு அதற்குப் பொறுப்பாளர். 1896 மார்ச்சில் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்துக்கு முத்திரை குத்தியது. கூடவே மத்திய அரசின் கையில் இருக்கும் பொது நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைக்குச் சுமார் 64 கோடி ஏக்கர், பெரும்பாலும் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும். மானும் பொது, காடும் பொது. சீட்டு வாங்கினால் ஆசிரியரும் போகலாம், லாரி டிரைவரும் போகலாம்.

நம்ம ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம். அதனால் இது நமக்கு விநோதமாகத் தெரியும். அங்கே சட்டப்படியான வேட்டைதான் வனவிலங்குத் துறைக்குச் சோறு போடுகிறது. சீட்டுக் கட்டணம் ஒரு பக்கம், 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி இன்னொரு பக்கம்.

ஆனால் ‘மக்களுக்குச் சொந்தம்’ என்றால் எந்த மக்களுக்கு? அதே 1896இல், அதே நீதிமன்றம், மூன்றே மாதத்தில் இதற்கும் ஒரு பதில் சொன்னது.

கூட்டம் என்று முதலில் துரத்தப்பட்டவர்கள்

வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கு எல்க் கூட்டங்களுக்குப் பேர்போனது. 1890களில் அங்கே குடியேறியிருந்த வெள்ளையர்களில் பலர் கிழக்கு நகரங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பணக்கார வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போய்ச் சம்பாதித்தவர்கள். அதே மலைகளுக்கு பானக் பழங்குடியினரும் குளிர்கால இறைச்சிக்காக வந்துகொண்டிருந்தார்கள். 1868இல் அவர்கள் செய்த ஒப்பந்தம், அமெரிக்க அரசின் ஆளில்லாத நிலங்களில் வேட்டைப் பிராணி இருக்கும்வரை வேட்டையாடலாம் என்று உரிமை கொடுத்திருந்தது. வயோமிங் மாநிலமாவதற்கு 22 ஆண்டுகள் முந்திய ஒப்பந்தம் அது.

குடியேறியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1895 கோடையில் ஆயுதக் கும்பலாகப் போய் ஒரு பானக் குழுவைக் கைது செய்தார்கள். தப்ப முயன்றவர்கள் மேல் சுட்டதில் ஒரு முதியவர் இறந்தார். விவகாரத்தைச் சட்டப்படி முடிக்க ஒரு சோதனை வழக்கு போடப்பட்டது. ஏழு எல்க்குகளைக் கொன்றதாக ரேஸ் ஹார்ஸ் என்ற பானக்காரர் மீது வழக்கு. கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1896 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. வயோமிங் மாநிலமான அன்றே ஒப்பந்த உரிமை போய்விட்டதாம். கீர் வழக்கின் தீர்ப்பையும் இதையும் எழுதியவர் ஒரே நீதிபதி, எட்வர்ட் ஒயிட். மான் மக்களுக்குச் சொந்தம் என்று எழுதிய அதே பேனா, அந்த மக்களில் இவர்கள் இல்லை என்றும் எழுதியது.

எல்க் காட்டில் ‘கூட்டம் அதிகம்’ என்ற பேச்சின் வரலாற்றை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். கூட்டத்தைக் குறைக்க ஒரு சல்லடை வேண்டும். இங்கே போட்ட சல்லடை இனம்.

துப்பாக்கி வரிசை

எல்க்கை நிஜமாகவே அழித்தது வியாபார வேட்டையும், தோலும், மேய்ச்சல் நிலம் பறிபோனதும். பல்லுக்காகக்கூடக் கொன்றார்கள். எல்க்கின் மேல்தாடையில் இருக்கும் தந்தம் போன்ற இரண்டு பற்களைக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுவது அன்றைய நாகரிகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் குறைவான எல்க்குகளே மிஞ்சின. மிச்சம் இருந்ததில் பெரும்பங்கு யெல்லோஸ்டோன் பூங்காவிலும் அதைச் சுற்றியும்தான்.

அப்புறம் மீட்பு. வியாபார வேட்டைக்குத் தடை, சீசன், எண்ணிக்கை வரம்பு. 1912இல் ஜாக்சன் ஹோலில் தேசிய எல்க் புகலிடம். யெல்லோஸ்டோனிலிருந்து ஆயிரக்கணக்கான எல்க்குகளை ரயிலேற்றி மற்ற மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். இன்று மொத்தம் சுமார் 10 லட்சம்.

மான் கூடக்கூட மனுஷனும் கூடினான். யெல்லோஸ்டோனின் வடக்கு வாசலில் கார்டினர் என்று ஒரு சிற்றூர். பூங்காவுக்குள் வேட்டை கூடாது. பனி கொட்டினால் எல்க்குகள் தீனி தேடி எல்லை தாண்டி இறங்கும். எல்லைக்கோட்டை ஒட்டி வேட்டைக்காரர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். அதற்குத் துப்பாக்கி வரிசை என்றே பெயர் விழுந்தது. கடும் பனிக்காலங்களில் ஆயிரக்கணக்கில் எல்க்குகள் அங்கே சாய்ந்தன. வேட்டை என்று அதைச் சொல்ல வேட்டைக்காரர்களுக்கே கூச்சமாக இருந்தது.

காலை வைத்துச் சலித்தவர்

கூட்டத்துக்கு வேறு விதமான மருந்து சொன்னவர் ஆல்டோ லியோபோல்ட். வனத்துறை அதிகாரி, தீவிர வேட்டைக்காரர். முதல் உலகப்போருக்குப் பிறகு மோட்டார் கார்களும் சாலைகளும் காட்டுக்குள் பெருகுவதைப் பார்த்துக் கவலைப்பட்டார். 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். குதிரையில் மூட்டை ஏற்றி இரண்டு வாரம் சுற்றினாலும் தீராத அளவு பெரிய நிலம், சாலை கிடையாது, சட்டப்படியான வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் திறந்திருக்கும்: இதுதான் அவர் சொன்ன வனாந்தரம். 1924இல் நியூ மெக்ஸிகோவின் கீலா பகுதி அப்படி ஒதுக்கப்பட்டது. 1964இல் வனாந்தரச் சட்டம் வந்தது. மோட்டாருக்கும் சக்கர வாகனங்களுக்கும் தடை போட்டதோடு, அந்தச் சட்டம் தனிமையையே காக்க வேண்டிய ஒரு பண்பாக எழுதிவைத்தது. தனிமையைச் சட்டத்தில் எழுதிய நாடு வேறு எது இருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சல்லடை கால்தான். நடக்க முடிந்தவன் வரலாம். இன்றுவரை வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் யோசனையும் அதுவே: சாலையை விட்டு இரண்டு மூன்று மைல் தள்ளிப் போ. இதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. ஒரேகானின் ஸ்டார்க்கி சோதனைக் காட்டில், வேலியிட்ட சுமார் 25,000 ஏக்கரில், 1980களின் கடைசியிலிருந்து பார்த்துவருகிறார்கள். வண்டி ஓடும் சாலையிலிருந்து எல்க் விலகிப்போகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரிந்த விஷயம்.

ஆனால் சுட்ட பிறகு என்ன செய்வது? இங்கேதான் அந்த 300 கிலோ வருகிறது. இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். எலும்பைக் கழித்தாலும் ஒரு ஆள் முதுகில் நான்கைந்து நடை. ஐந்து மைல் உள்ளே போனவன் அந்த ஐந்து மைலைப் பல தடவை நடக்கணும். ஆக, கடைசியில் உள்ளே போகிறவர்கள் குதிரை வைத்திருப்பவர்கள், குதிரைக்காரனுக்குக் காசு கொடுக்க முடிந்தவர்கள், அல்லது இளவட்டங்கள். வயசானவர்கள் சாலையோரக் கூட்டத்திலேயே நிற்கிறார்கள். அனுபவசாலிகள் சிலர் எதிர்த் தந்திரம் செய்வதும் உண்டு. எல்லோரும் தாண்டிப்போகும் சாலையோரப் புதரில் உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே போன கூட்டம் கலைக்கும் மான் அவர்கள் பக்கம் வரும். வார இறுதியை விட்டுவிட்டு நடு வாரத்தில் வருவார்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லோரும் அதையே செய்தால் கூட்டம் இடம் மாறும், குறையாது.

அதிர்ஷ்டம், பணம், ஏணி

மிச்சச் சல்லடைகளையும் பார்த்துவிடலாம். ஒன்று குலுக்கல். இரண்டரை லட்சத்துக்கும் மேல் எல்க்குகள் உள்ள கொலராடோவில் சில பகுதிகளுக்கு, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகச் சேர்த்து 20 ஆண்டுக்கு மேல் காத்திருக்கணும். கடையில் போய் வாங்கும் சீட்டையும் அந்த மாநிலம் சுருக்கிக்கொண்டே வருகிறது. இன்னொன்று ஊர்க்காரர் சல்லடை. வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் வனாந்தரத்தில் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம். எல்க் வேட்டைக்கு மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ வேண்டும். காரணம் பாதுகாப்பாம்! மூன்றாவது பணம். நியூ மெக்ஸிகோவில் நிலக்காரருக்குக் கிடைக்கும் எல்க் சீட்டை அவர் விற்கலாம். ராஜாவின் மான் கொல்லைப்புறமாகத் திரும்பி வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொது நிலமே எட்டாமல் போவது இன்னொரு கதை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தபோது சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் கொடுத்தார்கள். பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் ஒன்றையொன்று தொடும். மூலையைத் தாண்டினால் அத்துமீறல் என்று தனியார் தடுத்தால் உள்ளே இருக்கும் பொது நிலம் அவர்களுடைய சொந்த வேட்டைக்காடு மாதிரி ஆகிவிடும். அப்போது மிச்சமுள்ள இடத்தில் கூட்டம் நெரியத்தானே செய்யும்? 2021இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் வயோமிங்கின் எல்க் மலையில், தனியார் மண்ணில் கால் படாமல் மூலையைத் தாண்ட ஒரு ஏணியையே செய்து கொண்டுவந்தார்கள். குற்ற வழக்கில் ஜூரி விடுவித்தது. உரிமையியல் வழக்கு மேல் முறையீட்டுக்குப் போய், 2025 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. நீதிமன்றம் பிடித்துக்கொண்ட சட்டம் 1885இல் வந்தது, மாட்டுப் பண்ணைக்காரர்கள் பொது நிலத்தை வேலி போட்டு வளைப்பதைத் தடுக்க.

‘ஆளில்லாத நிலம்’

ரேஸ் ஹார்ஸ் வழக்கு அதோடு முடியவில்லை. 2014 ஜனவரியில் க்ரோ பழங்குடியைச் சேர்ந்த கிளேவின் ஹெரேராவும் உடன் வந்தவர்களும் மொன்டானாவில் உள்ள தங்கள் ஒதுக்கிடத்திலிருந்து எல்க் கூட்டத்தைத் தொடர்ந்து வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் போய்ச் சுட்டார்கள். சீசன் இல்லாத காலம், சீட்டும் இல்லை. மாநிலம் வழக்குப் போட்டது. க்ரோ மக்களின் 1868 ஒப்பந்தத்திலும் அதே வாசகம் உண்டு, ஆளில்லாத நிலம். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. மாநிலம் உருவானதால் ஒப்பந்த உரிமை சாகாது. தேசியக் காடு என்று அறிவித்ததாலேயே அந்த நிலம் ஆள் குடியிருக்கும் நிலமாகிவிடாது. 1896 தீர்ப்பின் தர்க்கம் செத்துப்போயிற்று, 123 ஆண்டு கழித்து. அந்தக் குறிப்பிட்ட இடத்தின் நிலையையும், பாதுகாப்புக்காக மாநிலம் கட்டுப்பாடு போடலாமா என்பதையும் கீழ் நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டார்கள்.

ஒரே காடு. ஒப்பந்தத்தின் கண்ணுக்கு ஆளில்லாத நிலம். வேட்டைக்காரன் கண்ணுக்குக் கால் வைக்க இடமில்லாத நிலம். இரண்டுமே உண்மை. யாரும் அங்கே குடியிருக்கவில்லை என்பதால்தான் எல்லோரும் வர முடிகிறது.

அதனால் கூட்டத்தைத் திட்டுகிறவர்களைப் படிக்கும்போது நான் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள்? காலால் சலித்தால் வயசானவன் போவான். பணத்தால் சலித்தால் ஏழை போவான். இனத்தால் சலித்த கதையை மேலே பார்த்தோம். குலுக்கல்தான் இருப்பதில் நியாயமானது என்பது என் எண்ணம். அதில் ஒருவனும் நிரந்தரமாக வெளியே நிற்பதில்லை. ஆனால் 20 ஆண்டு காத்திருந்து அறுபது வயதில் சீட்டு வருகிறவனிடம் இதைச் சொன்னால் முறைப்பான். முறைக்கட்டும். அவனுக்கும் ஒரு நாள் முறை வரும் என்பதாவது சட்டத்தில் இருக்கே.