யூபாரி: நிலக்கரி நகரத்தின் கதை

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கிறது யூபாரி நகரம். 1888-ல் இங்கு பெரும் நிலக்கரிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுரங்கமும் ரயிலும் வந்தன. தோண்டிய கரி ரயிலேறி முரோரான் துறைமுகத்துக்குப் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியர்களும் சீனர்களும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டு இந்தச் சுரங்கங்களில் இறக்கப்பட்டார்கள். 1960-ல் மக்கள்தொகை சுமார் 1,17,000. பிறகு பெட்ரோலியமும் வெளிநாட்டுக் கரியும் மலிவாகக் கிடைக்கவே, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.

1981 அக்டோபர் 16 அன்று யூபாரி புதிய சுரங்கத்தில் மீத்தேன் வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது. 93 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க வேறு வழியில்லை என்று, காணாமல் போன 59 பேர் உள்ளே இருக்கும்போதே சுரங்கத்துக்குள் தண்ணீர் விட நிர்வாகம் முடிவு செய்தது! அதற்குக் குடும்பத்தாரின் சம்மதத்தையும் கேட்டு வாங்கியது. எந்த மனைவி, எந்தத் தாய் இதற்கு மனதாரத் தலையாட்டியிருப்பாள்? உடல்களை வெளியே எடுக்கப் பல மாதங்கள் ஆயின. 1982-ல் அந்தச் சுரங்கமும், 1990-ல் ஊரின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டன.

கம்பெனிகள் போய்விட்டன. ஆனால் அவர்கள் நடத்திய மருத்துவமனை, தொழிலாளர் வீடுகள், குடிநீர்க் குழாய்கள் எல்லாம் நகராட்சியின் தலையில் விழுந்தன. கரி போனால் சுற்றுலா என்று கேளிக்கைப் பூங்கா, அருங்காட்சியகம், ஹோட்டல் என நகராட்சி கடன் வாங்கிக் கட்டியது. 1990-ல் திரைப்பட விழாவும் தொடங்கியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. குறுகிய காலக் கடன்களை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பற்றாக்குறையை மறைத்து வந்தார்கள். 2006-ல் குட்டு வெளிப்பட்டது. தவறு நகராட்சியுடையதுதான், ஆனாலும் கரியை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு இதில் பங்கே இல்லையா?

2007-ல் யூபாரி திவாலான நகரமாக அறிவிக்கப்பட்டது. திருப்ப வேண்டிய தொகை சுமார் 3,530 கோடி யென். ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டது. நூலகம் மூடப்பட்டது. 171 படுக்கை கொண்ட மருத்துவமனை 19 படுக்கை கொண்ட சிறு மருத்துவகமாகச் சுருங்கியது. பள்ளிகள் இணைக்கப்பட்டு, ஒரு தொடக்கப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியுமே மிஞ்சின. வரியோ கூடியது. இளைஞர்கள் வெளியேறினார்கள்.

ஊருக்குப் பெயர் சொல்ல மிஞ்சியது செம்மஞ்சள் சதை கொண்ட யூபாரி முலாம்பழம். 2019 மே மாதம் சப்போரோ ஏலத்தில் இரண்டு பழங்கள் 50 லட்சம் யென்னுக்குப் போயின. அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்புதான், ஒரு காலத்தில் கரி சுமந்த ரயில்பாதை பயணிகள் இல்லாமல் மூடப்பட்டிருந்தது.