யார் தூக்கியது?



செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாள். 2019 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் இதைக் கடைப்பிடித்து வருகிறது. இது மருத்துவர்கள் பேச வேண்டிய செய்தி, பங்குச்சாமியாருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1998, ஜூலை மாதம். நான் குருப்பட்டம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. பாபநாசம் பக்கத்தில் ஒரு சிற்றூர். தேங்காய் பறிக்க ஏறிய ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று சத்தம் கேட்டு நான்கு பேர் ஓடினோம். வாய்க்கால் மேட்டில் மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது. "பயப்படாதீங்க சாமி" என்று அவரே எனக்குத் தைரியம் சொல்லி, கால் விரல்களை அசைத்தும் காட்டினார். ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கினோம். கிடைத்தது ஓர் அம்பாசடர் கார். பின் சீட்டில் கிடத்தியதும் கதவு சாத்த முடியவில்லை. முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து உள்ளே தள்ளினோம். அவருடைய கால்களைப் பிடித்திருந்தவன் நான்.

மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது அந்த விரல்கள் அசையவில்லை. மருத்துவர் கோபப்படவில்லை. "யார் தூக்கியது?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் உயிர் பிழைத்தார். ஆனால் பிறகு நடக்கவில்லை. விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிறு திருப்பலி வாசகம் எது தெரியுமா? நல்ல சமாரியர் உவமை. பீடத்தில் நின்று அதை வாசித்தபோது எனக்குக் குரல் எழவில்லை. குருமடத்தில் எத்தனையோ முறை படித்த பகுதி. அதில் செயல்கள் வரும் வரிசையை அன்றுதான் கவனித்தேன். சமாரியர் அருகே போகிறார். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டுகிறார். அதற்குப் பிறகுதான் தம் விலங்கின் மேல் ஏற்றுகிறார். நாங்கள் ஏற்றுவதை மட்டும் செய்திருந்தோம்.

உலகமே நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 1966இல் விபத்துச் சாவுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழிலில் இருந்தவர்கள் என்று அதில் கண்டிருக்கிறது. காரணம் எளிது. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வேறு பல ஊர்களில் போலீஸ் வேன். நோயாளி பின்னால் தனியாகக் கிடப்பார். மூச்சு நின்றாலும் பார்க்க ஆள் கிடையாது.

பிட்ஸ்பர்க் நகரில் அதை மாற்றியவர் பீட்டர் சாஃபர், வியன்னாவில் பிறந்த மயக்கவியல் மருத்துவர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை உலகுக்குக் கற்பித்தவர்களில் ஒருவர். அவருடைய மகளே 1966இல் ஆஸ்துமா தாக்கி, பதினொரு வயதில் இறந்தாள். மறு ஆண்டு தொடங்கிய 'ஃபிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பணிக்கு அவர் ஆள் தேர்ந்தெடுத்த விதம் பலருக்கு வியப்பாக இருந்தது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்கள், அவர்களில் சிலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். அவர்களுக்கு முந்நூறு மணி நேரப் பயிற்சி கொடுத்தார். பின்னர் அங்கே பொறுப்பேற்ற நான்சி கரோலைன் என்ற பெண் மருத்துவர் அவர்களோடு வண்டியில் போனார். அந்த அனுபவத்தைக் கொண்டு அவர் எழுதிய பாடநூல்தான் இந்தத் தொழிலுக்கே அடிப்படையானது. ஆனால் 1975இல் நகர நிர்வாகம் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, முன்னோடிகளான அந்த இளைஞர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். வரலாற்றில் இப்படியும் நடக்கிறது.

நம் நாட்டில் முதலில் கடக்கவேண்டியிருந்தது அச்சத்தை. சாலையில் அடிபட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால், போலீஸ் வழக்கு என்று சொல்லி வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்படி ஒரு ஸ்கூட்டர்காரர் வழியிலேயே இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை பிறகு என்று 1989இல் தீர்ப்பு வந்தது. உதவிக்கு வந்தவரையே குடையும் வழக்கம் ஒழிய இன்னும் பல ஆண்டு ஆயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்ந்தது. அந்தப் பிரிவு உதவுபவரை 'நல்ல சமாரியர்' என்றே பெயர் சொல்லி அழைக்கிறது.

2004 ஜூலை 16ஐ நம் பகுதியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அன்று 108 என்ற எண்ணே இல்லை. அடுத்த ஆண்டு ஹைதராபாத்தில் அந்த அவசர உதவிச் சேவை தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. வண்டியும் ஆக்சிஜனும் கண்ணுக்குத் தெரிகின்றன. நான் பெரிதாக மதிப்பது அந்த மருத்துவ உதவியாளர் கையில் உள்ள தாளை. அழைப்பு வந்த நேரம், வண்டி போய்ச் சேர்ந்த நேரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் அதில் ஏறுகின்றன. ஐயம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுச் செய்கிறார்.

வயல்காட்டுப் பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட காலில் கயிற்றை இறுக்கிக் கட்டுவது நம் தாத்தா காலத்து வைத்தியம். 2007இல் வந்த தேசிய சிகிச்சை நெறிமுறை அதைக் கூடாது என்கிறது. எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்துக்கொண்டு விரைந்து வந்தால் போதும். ஆனால் ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் ஏறிவிடலாம். மாற்று மருந்து தயாராக உள்ள இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும். "கால் கறுத்துப்போச்சு, கயித்த அறுங்கம்மா" என்று வீட்டார் கதறுவார்கள். அறுக்காமல் வரும் அந்தப் பெண்ணை இரக்கம் இல்லாதவள் என்று ஏசுவார்கள். அவள் அறிந்து வைத்திருக்கும் இரக்கம் நமக்குப் புரிவதில்லை.

தவறே நடக்காதா? நடக்கும். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளால் ஆண்டுக்குக் குறைந்தது 44,000 பேரும், 98,000 பேர் வரையிலும் இறக்கலாம் என்று 1999இல் ஓர் அறிக்கை வந்து உலகையே உலுக்கியது. கெட்டவர்கள் சிலரால் இது நடப்பதில்லை, நல்லவர்கள் வேலை செய்யும் முறையில்தான் ஓட்டை இருக்கிறது என்பது அதன் சாரம். தவறை எழுதிவைத்தவருக்கு அடி விழும் என்றால் நாளைக்கு யார் எழுதுவார்? மறைப்பார்கள். அதே தவறு அடுத்த ஊரில் அடுத்தவருக்கு நடக்கும். வண்டி தாமதமாக வந்தால் ஓட்டுநர் சட்டையைப் பிடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லி நம் இளைஞர்களை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

உவமையில் நாம் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு சமாரியர் கிளம்பிவிடவில்லை. திரும்பி வரும்போது பார்க்கிறேன் என்று சாவடிப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோவில் முகப்புக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தார். ஓடிவந்தவர்களை நான் தொட விடவில்லை. 108 வந்தது. இறங்கிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையை மெல்ல முதுகுக்கு அடியில் செலுத்தி, வாரால் கட்டினார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று சுற்றி நின்றவர்கள் பறந்தார்கள். அவர் பறக்கவில்லை. "எத்தனை மணிக்கு விழுந்தார்? நினைவு தப்பிச்சா? யாராவது தூக்கினீங்களா, உட்கார வச்சீங்களா?"

"யாரும் தூக்கலம்மா" என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து என் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவன் நான் என்பதால் என்னிடமே கேட்டார்கள். "108லிருந்து பேசுறோம். அன்னிக்கு நீங்க அனுப்பின நோயாளி இப்ப எப்படி இருக்கார்?"

கால் விரல்களை அசைக்கிறார் என்று சொன்னேன்.