மூக்கின் அகலமும் சாதியின் உயரமும்: ஒரு போலி அறிவியலின் வரலாறு



பாப்பாரப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். 1925 ஜூலையில் அவர் காலமானது இங்கேதான். வ.உ.சி.யோடு அவர் சிறைப்பட்ட அதே 1908இல்தான் ஹெர்பர்ட் ரிஸ்லியின் 'இந்திய மக்கள்' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. சிவாவின் வழக்கு ஊரறிந்தது. ரிஸ்லியின் நூலை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அது பரப்பிய கருத்து நம் தெருக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1901 மக்கள் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் ரிஸ்லி. சாதிகளை மேல் கீழ் என்று அந்தக் கணக்கெடுப்பில் வரிசைப்படுத்த முயன்றார். அதற்கு அறிவியல் ஆதாரம் என்று அவர் காட்டியது மூக்கை. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். வரும் எண் 70க்குக் கீழே இருந்தால் ஒடுங்கிய மூக்கு, 85க்கு மேலே இருந்தால் அகன்ற மூக்கு. மூக்கு அகல அகல சாதியின் மதிப்பு இறங்கும் என்பதை ஏறத்தாழ ஒரு விதியாகவே அவர் அறிவித்தார். தெற்கே இந்த வேலையைச் செய்தவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகள் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் கிடைக்கின்றன.

இதில் எங்கே பிழை? ஒரு சாதிக்குப் பெரும்பாலும் சில பத்துப் பேரைத்தான் அளந்தார்கள். அதில் கிடைத்த சராசரியை அந்தச் சாதியின் இயல்பு என்றார்கள். தர்ஸ்டனின் அட்டவணைகள் சராசரியோடு மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் தருகின்றன. ஒரே சாதிக்குள் ஒடுங்கிய மூக்கும் உண்டு, அகன்ற மூக்கும் உண்டு. மக்களிடம் போய்ச் சேர்ந்ததோ சராசரி மட்டும்தான். மூக்கின் வடிவத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு உண்டு என்று தாம்சனும் பக்ஸ்டனும் 1923இல் எழுதினார்கள். அந்தச் செய்தியும் மக்களிடம் வரவில்லை.

1932இல் ஜி. எஸ். குர்யே இந்த அளவுகளை மறுபடி ஆராய்ந்தார். ரிஸ்லி சொன்ன வரிசை இன்றைய உத்தரப்பிரதேசப் பகுதியில் ஓரளவு பொருந்தியது, மற்றப் பகுதிகளில் பொருந்தவில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் நேராகவே எழுதினார்: பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம். 1948இல் 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் குர்யே தந்த எண்களையே எடுத்துவைத்து, தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணமல்ல என்று நிறுவினார். உடலளவையியல் நம்பத்தக்க அறிவியல்தான் என்றால் அதன் முடிவு இதுவே என்பது அவர் வாதம். எதிராளியின் அளவுகோலை வாங்கி அவர்கள் கணக்கையே தவறென்று காட்டினார்.

இன்று மூக்கின் இடத்தை மரபணு பிடித்துக்கொண்டது. 2019இல் ராகிகடி எலும்புக்கூடு பற்றிய ஆய்வு வந்தபோது, ஆரியர் வருகை பொய்யாகிவிட்டது என்று செய்திகள் பரவின. அந்த ஆய்வு பேசியது சிந்துவெளி நாகரிகக் காலத்தைச் சேர்ந்த ஒரே ஒரு பெண்ணின் மரபணுவை. அவரிடம் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. அதே நேரத்தில் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, அந்தக் கலப்பு அதன் பிறகே, சுமார் 4000 முதல் 3500 ஆண்டுகளுக்கு முன் தெற்காசியாவுக்கு வந்தது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தலைப்புச் செய்தி நிற்காது. 2013இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அகமண உறவு இறுகியது அதற்குப் பிறகு. ஆக, கலப்பில்லாத இரத்தம் எந்தச் சாதியிடமும் இல்லை.

இது ஏட்டுச் சண்டை அல்ல. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நம் மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அங்கே தீ வைத்தவர்கள் ரிஸ்லியைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் 'நம் இரத்தம் வேறு' என்ற நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்தியவர்களில் அவரும் ஒருவர்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாமே கலப்பற்ற பூர்வகுடி என்று மரபணுவைக் காட்டி மார்தட்டும் ஆசை நம் மேடைகளிலும் எழுகிறது. அம்பேத்கர் அந்தப் பாதையில் போகவில்லை. நம் உரிமை யார் முதலில் வந்தார் என்பதைப் பொறுத்ததன்று. நாளை ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னாலும் அது குறையக் கூடாது.

மாணவர்களே, 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தால் கேளுங்கள்: எத்தனை பேரை அளந்தார்கள்? சராசரியைச் சொல்கிறார்களா, முழு வீச்சையும் சொல்கிறார்களா? ஆய்வு சொன்னது எது, தலைப்பு சேர்த்தது எது? அதை நம்பினால் யாருக்கு லாபம்? சாதியின் ஆதாரம் மூக்கிலோ மரபணுவிலோ இல்லை. அது நிலப் பட்டாவிலும், சுடுகாட்டுப் பாதையிலும், திருமணப் பேச்சிலும் இருக்கிறது. மனிதர் ஏற்படுத்தியதை மனிதரால் ஒழிக்க முடியும்.