நாப்பிக்ஸ்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் வழங்கல். ஜெர்மானியப் பொறியாளர் கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்டார். வன்தட்டில் நிறுவாமலே குறுந்தகட்டிலிருந்து நேராக இயங்கும் லினக்ஸைப் பலருக்கும் பழக்கப்படுத்திய பெருமை இதற்கு உண்டு. தகட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால் திரை அட்டை, ஒலி அட்டை, வலையட்டை எல்லாவற்றையும் தானே கண்டறிந்து முகப்புத் திரையைக் கொண்டுவந்து நிறுத்தும். அன்றைய லினக்ஸில் இது சாதாரணக் காரியமல்ல. 700 மெகாபைட் தகட்டில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார்கள். தேவைப்படும்போது தேவைப்படும் பகுதி மட்டும் விரியும். முகப்பு முதலில் கேடிஈ, பின்னாளில் எல்எக்ஸ்டிஈ. விண்டோஸ் படுத்துவிட்ட கணினியிலிருந்து கோப்புகளை மீட்கவும் உதவும். உபுண்டு, மின்ட் போன்ற பிற லினக்ஸ் வழங்கல்களையும் இன்று பென்டிரைவில் ஏற்றி இப்படி நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். புது வழங்கலுக்கு மாறுவோர் முதலில் இப்படி ஓட்டி, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டே நிறுவ வேண்டும்.