பிள்ளைக்கு எலும்பு முறிந்தால்: மாவுக்கட்டா, அறுவை சிகிச்சையா? பெற்றோர் அறிய வேண்டியவை

பள்ளித் திடலில் ஓடும்போது, ரம்புத்தான் மரத்தில் ஏறும்போது, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது என்று பிள்ளைகள் விழாத வீடு இல்லை. விழுந்த பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவி விட்டால் சரியாகிவிடும்" என்பார் பாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுப் போடும் சின்செ ஒருவரைச் சொல்வார். வேலைக்குப் போன தந்தை, "நான் வந்து பார்க்கிறேன், அதுவரை பொறுங்கள்" என்று போனில் சொல்வார்.

பொறுக்கலாமா, கூடாதா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முறிவு எந்த இடத்தில், பிள்ளைக்கு என்ன வயது, கைக்கோ காலுக்கோ இரத்தம் சரியாக ஓடுகிறதா. சில முறிவுகளுக்கு மூன்று வாரக் கட்டே போதும். வேறு சில முறிவுகளில் சில மணி நேரத் தாமதம்கூடக் கையை வாழ்நாள் முழுவதும் முடக்கிவிடும்.

பிள்ளையின் எலும்பு ஏன் வேறுபட்டது?

பெரியவர்களின் எலும்பு காய்ந்த குச்சி போல ஒடியும். பிள்ளையின் எலும்பு பச்சைக் குச்சி போன்றது. வளையும், ஒரு பக்கம் மட்டும் பிளக்கும், சில வேளைகளில் லேசாக நசுங்கிப் புடைக்கும். அதைச் சுற்றியுள்ள உறையும் தடிப்பாக இருப்பதால் முறிவு விரைவாகக் கூடும்.

எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதையொட்டியும் இது கெட்டிப்பட்டு மூடிக்கொள்ளும். அதற்கு முன் அந்த இடத்தில் பலத்த அடி பட்டால், எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்தக் காயம் தெரியாமலும் போகலாம். அதனால்தான் "படத்தில் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் மருத்துவரே கட்டுப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் படம் எடுக்கச் சொல்கிறார்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

- கை அல்லது கால் கண்ணுக்குத் தெரியும்படி கோணியிருப்பது.
- முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருப்பது. சிறு துளையாக இருந்தாலும் கிருமி எலும்பு வரை போகலாம்.
- விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ மாறுவது, குளிர்ந்து போவது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.
- விரல்கள் மரத்துப்போவது அல்லது அசைக்க முடியாமல் இருப்பது.
- முழங்கை வேகமாக வீங்குவது.
- தொடை வலியால் காலை ஊன்ற முடியாமல் இருப்பது.
- தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடி பட்டிருப்பது. இப்படிப்பட்ட பிள்ளையைத் தூக்காமல் 999க்கு அழைக்க வேண்டும்.

முன்பெல்லாம் தோட்டத்து டிரெசர் முதலில் பார்த்து, தேவையானால் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். பல தோட்டங்களில் அந்த வசதி இப்போது இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் எல்லாவற்றிலும் எக்ஸ்ரே இருப்பதில்லை. மேலே சொன்ன அறிகுறிகள் இருக்கும்போது ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினால் நேரம்தான் வீணாகும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியது

கையோ காலோ எப்படி இருக்கிறதோ அப்படியே அசையாமல் வைக்க வேண்டும். சுருட்டிய நாளிதழ் அல்லது பெட்டி அட்டையை அடியில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம். கையைக் கழுத்திலிருந்து ஒரு துண்டால் தொங்கவிடலாம். கோணலை நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கயிறு இருந்தால் வீக்கம் ஏறும் முன் கழற்றிவிட வேண்டும். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும். மஞ்சள்தூள், காப்பித்தூள் வைக்கக் கூடாது.

அழுகையை நிறுத்த மைலோவும் பிஸ்கட்டும் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். முறிவு என்ற சந்தேகம் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். எலும்பை நேராக்க மயக்க மருந்து தேவைப்படலாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு என்பதால், சிகிச்சை பல மணி நேரம் தள்ளிப்போகும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு என்ற இரண்டையும் உடன் செல்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முழங்கை முறிவில் விளையாட்டு வேண்டாம்

கையை ஊன்றி விழும் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணம். பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் இதுவே அதிகம். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் மூன்று முக்கிய நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டித்தான் செல்கின்றன. முறிந்த எலும்பின் கூர்முனை அவற்றைக் குத்தலாம், நசுக்கலாம்.

இந்த நிலையில் உருவி விடுவதும் இறுக்கிக் கட்டுவதும் மிகவும் ஆபத்தானவை. வீக்கம் உள்ளே ஏற ஏற, வெளியே இறுக்கமான கட்டு இடம் கொடுக்காது. தசைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் அப்படியே இருந்தால் தசை அழியத் தொடங்கும். பின்னர் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும், கை நிரந்தரமாகச் செயலிழக்கும். இறுக்கமான கட்டுகளால் கை இப்படி முடங்குவதை ரிச்சர்ட் வான் வோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினார். இன்றும் அந்த ஊனம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டு பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். முழங்கையை அசைக்காமல், விரல்களால் மட்டும் அந்த மூன்றையும், பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டத்தையும் காட்டச் சொன்னால், நரம்புகள் வேலை செய்கின்றனவா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் அதை மருத்துவரிடம் முதல் விஷயமாகச் சொல்ல வேண்டும்.

கட்டா, அறுவை சிகிச்சையா?

ஒரு பிள்ளையின் கோணிய மணிக்கட்டைப் பார்த்து "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லும் மருத்துவர், இன்னொரு பிள்ளையின் முழங்கையில் சிறிது விலகலைப் பார்த்து "ஆப்பரேஷன் வேண்டும்" என்கிறார். பெற்றோர் குழம்புவது இங்கேதான். இதற்குக் காரணம் உண்டு.

மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் வளர்ச்சித் தட்டுதான் முன்கையின் ஆரை எலும்பு வளர்ச்சியில் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டைத் தருகிறது. வளர்ச்சி அதிகம் உள்ள இடத்தில் எலும்பு தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் ஆற்றலும் அதிகம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மணிக்கட்டருகே 15 பாகை சாய்வு இருந்தாலும், ஓரிரு ஆண்டுகளில் அது பெரும்பாலும் நேராகிவிடும். தோள்பட்டை முனையும் அப்படியே. முழங்கைப் பக்கமோ மேற்கை எலும்பின் வளர்ச்சியில் 20 விழுக்காடு அளவுக்குத்தான் பங்களிக்கிறது. அங்கே கோணலாகக் கூடினால் கோணலாகவே நின்றுவிடும். எலும்பு திருகிக்கொண்டு கூடினாலும் தானாகச் சரியாவதில்லை.

பொதுவாக, முறிவுக்கு ஏற்றபடி சிகிச்சை இவ்வாறு அமையும்:

மணிக்கட்டில் எலும்பு நசுங்கிப் புடைத்திருப்பது: மிகவும் லேசான வகை. மூன்று வாரம் அளவுக்குக் கழற்றி மாட்டும் பட்டையே போதும். 2022ஆம் ஆண்டு பிரிட்டனில் 965 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், மென்மையான துணிக்கட்டு போட்டவர்களும் உறுதியான பட்டை போட்டவர்களும் ஒரே அளவில் குணமடைந்தது தெரியவந்தது.

முன்கை எலும்பு விலகி முறிவது: மயக்கம் கொடுத்து, வெட்டாமல் நேராக்கி மாவுக்கட்டுப் போடுவார்கள். பேச்சு வழக்கில் "சிமெண்டு போடுவது" என்பது இதுதான். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எலும்பு மறுபடியும் நழுவினாலோ, பிள்ளை பெரிய வயதாக இருந்தாலோ உள்ளே கம்பியோ தகடோ தேவைப்படலாம்.

முழங்கைக்கு மேல் முறிவு: விலகாவிட்டால் மூன்று வாரம் அளவுக்குக் கட்டு. முழுவதும் விலகியிருந்தால், மயக்கத்தில் நேராக்கித் தோல் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். மூன்று நான்கு வாரத்தில் அவற்றை எடுத்துவிடலாம்.

தொடை எலும்பு: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை பெரும்பாலும் இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. அதற்கு மேற்பட்ட வயதில் எலும்புக்குள் வளையும் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையைப் பல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பிள்ளை விரைவில் எழுந்து நடக்கலாம், பள்ளிக்கும் திரும்பலாம்.

நடக்கத் தொடங்காத குழந்தைக்குத் தொடை முறிந்திருந்தால், எப்படி நடந்தது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். துன்புறுத்தல் என்ற சந்தேகம் எழுந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் அவர்களுக்குக் கடமை விதித்திருக்கிறது. பெற்றோர் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி சொல்வதே நல்லது.

கையொப்பமும் செலவும்

18 வயதுக்குக் குறைந்தவருக்கான அறுவை சிகிச்சைக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஒப்புதல் கையொப்பம் இட வேண்டும். தாய் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்ய, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளரும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய வீடுகளில் பெற்றோரின் தொலைபேசி எண்களும் பிள்ளையின் மைகிட் அட்டையும் பிறப்புப் பத்திர நகலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் கையொப்பத்துக்காக மருத்துவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதற்காகப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். எலும்புக்குள் வைக்கும் சில கம்பிகளையும் தகடுகளையும் குடும்பமே வாங்க வேண்டி வரலாம். இயலாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைக் கேட்க வேண்டும். உதவிக்கு வழிகாட்டுவது அதன் வேலை. குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம் வரக்கூடும் என்பதால், அவர்களின் குடும்பத்தார் முதல் நாளே அந்தப் பிரிவை அணுகுவது நல்லது.

தனியார் மருத்துவமனைக்குப் போனால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மொத்தச் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம். அவசர நிலையில் வருபவருக்கு உடனடிச் சிகிச்சை தரும் கடமை 1998ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் மருத்துவமனைகளுக்கும் உண்டு. முதல் சிகிச்சை முடிந்து பிள்ளையின் நிலை சீரானதும், எக்ஸ்ரே படங்களோடு அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்வதில் தவறில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்த எலும்பு, எந்த இடம்? வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டிருக்கிறதா?
2. இரத்த ஓட்டமும் நரம்பும் சரியாக உள்ளனவா?
3. கட்டு மட்டும் போட்டால் என்ன ஆகும்? அறுவை சிகிச்சையால் என்ன கூடுதல் நன்மை?
4. இன்றே செய்ய வேண்டுமா, ஓரிரு நாள் பொறுக்கலாமா?
5. அடுத்த எக்ஸ்ரே எப்போது?

இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. தமிழில் விளங்கவில்லை என்றால், விளக்கிச் சொல்லத் தெரிந்த தாதியர் யாராவது இருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

கட்டுப் போட்ட பிறகு

முதல் இரண்டு நாள்தான் முக்கியம். கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது பிள்ளை அலறினால், விரல்கள் வீங்கி நிறம் மாறினால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். கட்டைத் தளர்த்துவது சில நிமிட வேலைதான். அரிக்கிறது என்று குச்சியை உள்ளே விடக் கூடாது. கட்டை நனைக்கவும் கூடாது.

ஒரு வாரம் கழித்துக் கொடுக்கும் சந்திப்பைத் தவறவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. வீக்கம் வற்றும்போது கட்டு தளர்ந்து எலும்பு நழுவக்கூடும். அப்போது தெரிந்தால் மறுபடியும் நேராக்கலாம். மூன்று வாரம் கடந்தால் எலும்பு கூடத் தொடங்கிவிடும், நேராக்குவது கடினம்.

கட்டை எடுத்த பின் முழங்கை சில வாரம் விறைப்பாக இருக்கும். அதற்காக எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவக் கூடாது. காயப்பட்ட தசைக்குள் புதிதாக எலும்பு வளர்ந்து முழங்கை மேலும் இறுகிப்போகலாம். பிள்ளை தானாக விளையாடி, தானாக மடக்கி நீட்டுவதே போதும். பாட்டியின் கைவைத்தியத்துக்கும் இடம் உண்டு. எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு, தோல் வறட்சிக்கு எண்ணெயை மெதுவாகத் தடவிவிடலாம்.