ஆக்கும் ஜீனே அழிக்கும் ஜீன்

நம் எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் கோடிக்கணக்கான இரத்த அணுக்கள் பிறக்கின்றன. எந்த அணு எவ்வாறு முதிர வேண்டும் என்று ஆணையிடுபவை எவை தெரியுமா? ஜீன்களை முடுக்கவும் அடக்கவும் வல்ல சில புரதங்களே! அவற்றுள் ஒன்றின் வரலாற்றைப் பார்ப்போம்.

1972-இல் சிகாகோ நகரில் டாக்டர் ஜேனட் ரௌலி, நோயாளிகளின் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஆராய்ந்தார். ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 8-ஆம், 21-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. இது நோயின் காரணமா, விளைவா?

1991-இல் ஜப்பானிய அறிஞர்கள், 21-ஆம் குரோமோசோம் முறிந்த இடத்தில் ஒரு ஜீனைக் கண்டனர். இன்று அதன் பெயர் ரன்க்ஸ்-1. 1996-இல் அந்த ஜீனை நீக்கிப் பார்த்தனர். சுண்டெலிக் கருக்கள், கல்லீரலில் இரத்த அணுக்கள் உருவாகாமல் பிறக்குமுன்பே மடிந்தன. அதன் உடன்பிறப்பான ரன்க்ஸ்-2 இல்லாத சுண்டெலிகளுக்கோ எலும்பே உருவாகவில்லை என்பது 1997-இல் தெரிந்தது.

ஆக, இரத்தத்தை ஆக்கும் ஜீனே முறிந்து வேறொரு ஜீனோடு ஒட்டும்போது, அணுக்களை முதிரவிடாத கலப்புப் புரதம் உண்டாகிறது. வேறு சில ஜீன் மாற்றங்களும் சேர்ந்தால் புற்றுநோய் மூள்கிறது. எனினும் இவ்வகை நோய்க்கு மருந்துகள் நன்கு பலனளிக்கின்றன. அன்று மேசைமேல் தென்பட்ட அந்த மாற்றம் உண்டா என்று பார்த்தே இன்று மருத்துவர்கள் சிகிச்சையை வகுக்கின்றனர்.