யாழும் மின்னொலிப் பேழையும்

காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையின் தொடக்கத்திலேயே பாணன் கையிலுள்ள யாழை உறுப்பு உறுப்பாக எடுத்துக் காட்டுகிறார். பத்தல், போர்வை, மருப்பு, திவவு, நரம்பு என ஒவ்வொன்றும் உவமையோடு நம் கண்முன் வந்து நிற்கிறது. காதுக்கோ அந்த யாழ் எட்டுவதில்லை. கருவி மறைந்தது, அதை மீட்டிய விரலின் பழக்கமும் மறைந்தது, எஞ்சியவை சொற்கள் மட்டுமே. அச்சொற்களைக் கொண்டே விபுலானந்த அடிகள் பல்லாண்டு முயன்று 'யாழ் நூல்' படைத்தார். 1947இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

இசைக்கருவி ஒன்று வழக்கொழிவது பண்டைக்காலத்துக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. நம் தலைமுறையிலேயே பிறந்து, நம் தலைமுறையிலேயே பழம்பொருளான ஒரு கருவி உண்டு. அதுவே சிந்தசைசர் எனப்படும் மின்னொலிப் பேழை. அதன் இந்திய வரலாறு யாழின் கதையை அப்படியே தலைகீழாக்கியது போன்றது. யாழுக்குச் சொல் எஞ்சியது, ஒலி போயிற்று. இதற்கோ ஒலி எஞ்சியது. அதைப் பற்றிய சொல் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் எவர் நாவிலும் இல்லை.

அமெரிக்காவில் இராபர்ட் மூக் என்னும் பொறியாளர் 1964இல் தம் முதற் கருவியை இசைப் பொறியாளர் முன் காட்டினார். 1968இல் வெண்டி கார்லோஸ் என்பார் பாக்கின் இசையை அக்கருவியில் இசைத்து வெளியிட்ட தட்டு உலகெங்கும் விற்றது. அடுத்த ஆண்டே, 1969இல், மூக் கருவியொன்று அகமதாபாத்துக்கு வந்து சேர்ந்தது. 1961இல் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதற்கென ஒரு கலையகம் அமைந்தது. அதை நிறுவித் தந்தவர் டேவிட் டியூடர். ஜான் கேஜின் 'மௌன இசை'யை 1952இல் முதன்முதல் மேடையேற்றிய பியானோக் கலைஞர் அவரே.

டியூடர் அகமதாபாத்துக்கு வந்த வழி நோக்கத்தக்கது. சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் பக்கவாஜ் பயின்ற இசைக்கலைஞர். 1946இல் நியூயார்க் சென்று, கேஜிடம் மேனாட்டு இசை கற்று, அதற்கு ஈடாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தவர். காசு கைமாறாத அந்தப் பண்டமாற்றின் பயன் கேஜின் வாழ்நாள் முழுதும் நீடித்தது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் நூல்வழிச் சுவைக் கோட்பாட்டை அறிந்து, மெய்ப்பாடுகளை அடிப்படையாகக் கொண்டு கேஜ் பியானோப் படைப்பொன்றை இயற்றியதும் அக்காலத்திலேதான். மேனாட்டார் நமக்கு மின்கருவியைக் கொணர்ந்து தந்தார் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கொடுக்கல் வாங்கல் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே உண்மை.

அக்கருவியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இன்று திருவிழா மேடைகளில் காணும் கீபோர்டு வேறு, இது வேறு. மாடுலர் எனப்படும் இவ்வகையில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிக் கூறு உண்டு. ஒலியலையைப் பிறப்பிப்பது ஒன்று. அதில் வேண்டாத பகுதியை வடிகட்டுவது ஒன்று. ஒலியை ஏற்றி இறக்குவது மற்றொன்று. இவை தாமாக ஒன்றோடொன்று இணைவதில்லை. இசைப்பவர் பழைய தொலைபேசி நிலையத்துப் பணியாளரைப் போல் கம்பிகளைச் செருகிச் செருகி இணைக்க வேண்டும். சுருதியை ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். இடையில் படிக்கட்டு ஏதும் இல்லையாதலின், வழுக்கிச் செல்லும் கமகத்துக்கும் இதில் இடமுண்டு. வெப்பம் மாறினால் சுருதி கலையும். தம்பூராவை அடிக்கடி சேர்த்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்க்கு இது புதிய தொல்லை அன்று.

அதனினும் பெரிய இயல்பு ஒன்றுண்டு: அந்நாளைய மாடுலருக்கு நினைவாற்றல் கிடையாது. இரவெல்லாம் முயன்று கண்ட ஓர் ஒலி, கம்பிகளைப் பிடுங்கியதும் போய்விடும். குமிழ்கள் நின்ற நிலையைத் தாளில் வரைந்து வைத்தாலும் மறுநாள் அதே ஒலி வரும் என்ற உறுதி இல்லை. பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் கல்லில் வெட்டப்பட்டமையால் ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன. இக்கருவியின் இசையோ ஏடெடுத்து எழுத ஆளில்லாத அவையில் ஆசுகவி பாடியது போன்றது. அருகில் ஒலிநாடா சுழன்றிருந்தால் உண்டு, இன்றேல் இல்லை.

அகமதாபாத்தில் ஒலிநாடா சுழன்றது. 1969 முதல் 1972 வரை கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே படைத்தவை சுருள்களில் பதிவாயின. பறவைகளைப் பற்றிய ஒலிக்கோலம் உண்டு. 1970 ஒசாகா உலகப் பொருட்காட்சிக்கெனச் செய்தவை உண்டு. விண்வெளிப் பயணக் கற்பனை உண்டு. மாத்தூரின் படைப்பொன்றுக்கு 'ஒருகாலத்தில் நான் தம்பூரா வாசித்தேன்' என்னும் பொருளில் தலைப்பு அமைந்தது. கவிஞர்கள் இத்தலைப்பில் சற்றே நிற்கலாம். புதுக்கருவியின் முன் அமர்ந்தவன் கைவிட்டு வந்த பழங்கருவியை எண்ணுகிறானா, அல்லது மின்னொலியிலும் தம்பூராவையே தேடுகிறானா? இரண்டுமே பொருந்தும்.

பின்னர்க் கலையகம் ஓய்ந்தது. இந்திய இசை வரலாறுகளில் அதற்கு ஒரு வரியும் கிட்டவில்லை. பிரித்தானிய இசைக்கலைஞர் பால் பர்காஸ் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருபத்தேழு சுருள்களைக் கண்டெடுத்துச் செப்பனிட்டார். 2020இல் பி.பி.சி. வானொலியில் அவை பேசப்பட்டன. 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. கரையானுக்குத் தப்பிய சுவடிக் கட்டுகளைத் தேடி ஊரூராய் நடந்த உ.வே. சாமிநாதையரை நினையாமல் இச்செய்தியைத் தமிழர் படிக்க இயலாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஐயர் கண்ட ஏட்டை மீண்டும் எழுதலாம், மீண்டும் பாடலாம். நாடாவிலுள்ள ஒலியைக் கேட்கலாம். அதைப் பிறப்பித்த கம்பி இணைப்பை மீண்டும் அமைத்தல் அரிது.

பழங்கருவிகளைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர் உலகெங்கும் இருப்பதன் நியாயம் இங்கேதான் உள்ளது. பித்தர் என அவர்களை நகைப்பார் உளர். நகைப்புக்கு இடமும் உண்டு. வாங்கிய கருவிகளைக் கொலுப்படி போல் அடுக்கி, விளக்கேற்றிப் பார்த்துவிட்டு, வாசிக்காமலே விட்டுவிடுவோர் பலர். அவர்களால் விலை ஏறி, வாசிக்கத் தெரிந்த ஏழை இளைஞனுக்குக் கருவி எட்டாமற் போவதும் உண்மை. எனினும் அவர்கள் இல்லையேல் பல கருவிகள் குப்பைக்கே போயிருக்கும். ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் டி.ஆர். 808 என்னும் தாளப்பெட்டி 1980 முதல் 1983 வரை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் மட்டுமே செய்யப்பட்டது. அதன் தனிச்சுவைக்குக் காரணம் குறையுள்ள டிரான்சிஸ்டர்கள்! தொழில்நுட்பம் செம்மையுற்றதும் குறையுள்ளவை கிடைப்பது நின்றது, கருவியும் நின்றது. அதன் இணையான டி.பி. 303 விலைபோகாது அடகுக் கடைகளில் கிடந்தது. சிகாகோ இளைஞர்கள் அதை மலிவாக வாங்கித் திருகி, 1987இல் ஒரு புதிய ஆடலிசையையே தோற்றுவித்தனர்.

அவர்களுக்கு ஐந்தாண்டு முன்பே அவ்விரு கருவிகளையும் இணைத்தவர் ஒருவர் பம்பாயில் இருந்தார். திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை இக்கருவிகளில் இசைத்து ஒரு தட்டு வெளியிட்டார். நம் மோகனத்தை ஒத்த பூபாளியும் இந்தோளத்தை ஒத்த மால்கௌன்சும் அதில் உண்டு. 303இன் வழுக்குச் சுரம் இராகத்தின் நெளிவுக்கு வாய்ப்பாக அமைந்தது. அன்று அத்தட்டை வாங்குவார் அரிது. பழந்தட்டு சேகரிக்கும் டச்சுக்காரர் ஒருவர் கையில் அது அகப்பட்டு, 2010இல் மறுபதிப்பு வந்தது. எழுபதைக் கடந்த முதியவர் அதே பழங்கருவிகளுடன் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015இல் மறைந்தார்.

தமிழகத்தில் இக்கருவிகள் காட்சிப்பொருளாக அன்றி உழைக்கும் கருவிகளாகவே வாழ்ந்தன. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் பிழைத்தது. அவ்வீட்டுப் பிள்ளை கீபோர்டு வாசித்து வளர்ந்து 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்தார். அதற்கு ஆறாண்டு முன் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணிப்பொறியின் துணையை நாடியிருந்தார். வாடகைக்குச் சென்றுவரும் கருவி தேயும், உடையும், விற்கப்படும். அதைச் சேர்த்துவைக்க எவர்க்கும் ஓய்வில்லை.

அயற்கருவி என்று ஒதுக்குவதும் நமக்குப் புதிதன்று. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. செய்யாற்றின் இருகரைத் தெருக்கூத்து மேடைகளிலோ அது முகவீணையோடு விடியவிடிய ஒலித்தது. வானொலி நிலையத்தின் ஆணை கூத்துக் களரிவரை எட்டவில்லை போலும்.

இவற்றுள் எல்லாம் தமிழர் காதில் மிகுதியாக ஒலித்த மின்கருவி எது என வினவினால் விடை மூக்கும் அன்று, ரோலண்டும் அன்று. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் பெங்களூரில் உருவாக்கிய மின்தம்பூராவும், அவ்வழி வந்த சுருதிப்பெட்டிகளுமே அவை. மின்சுற்றால் ஒலியைப் பிறப்பித்து, அதைத் தம்பூராவின் நாதமாகத் திரட்டித் தருவதால் அதுவும் ஒரு சிந்தசைசரே. பாட்டு வகுப்பிலும் கச்சேரி மேடையிலும் பாடகரின் முழங்காலருகே அது இடைவிடாது ஒலித்தது. அதன் ஒலியைத் தனியே கேட்டவர் எவரும் இலர். கேளாமல் இருந்தவரும் இலர். இன்று கைபேசிச் செயலி அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. மரச்சட்டமும் திருகுகுமிழும் கொண்ட தொடக்ககாலப் பெட்டிகள் பரணில் தூசி படிகின்றன. சில பழைய இரும்புக்காரர் தராசுக்குப் போகின்றன. மூக்கின் பெயரைச் சொன்னால் கண் விரியும் ஆர்வலர்கள் இப்பெட்டியை இன்னும் தேடத் தொடங்கவில்லை. அதன் உறுப்புகளைப் பத்தல், திவவு என்று பெயர் சொல்லி அடுக்கிய பாட்டொன்றும் தமிழில் இல்லை.